முதுகுக்குப் பின்னால் போன ராஜா

சாலையோரம் தூவிய பிளீச்சிங் பவுடரின் வாசனை வந்தால் என் குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. நேற்றுக் காலை செங்கல்பட்டில் அப்படித்தான் ஆயிற்று. ஏரிக்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். நகராட்சி ஆட்கள் இருவர் வாளியிலிருந்து அள்ளி அள்ளி வெள்ளைக் கோடு போட்டபடி வந்தார்கள். தண்ணீர் மேல் பனி கலையவில்லை. அந்தக் கோடு அப்படியே நீண்டு, தண்டவாளம் தாண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டி, கடல் வரைக்கும் போவதுபோல் இருந்தது. யாரோ பெரிய மனிதர் வருகிறார். யார் என்று நான் கேட்கவில்லை. வேலையில் இருந்தபோதே கேட்டதில்லை.

சாயங்காலம் கலா போன் செய்தாள். என்னோடு காவலராக இருந்தவள், இப்போது உதவி ஆய்வாளர்.

"மேடம், இப்பல்லாம் டிரோன் வந்துடுச்சு. கூட்டத்தை அது பாத்துக்குது. எங்களை ரோட்டைப் பாத்தே நிக்கச் சொல்லிட்டாங்க. புதுசா வந்த பொண்ணுங்ககிட்ட அந்தப் படகு மேட்டர சொன்னா நம்பவே மாட்டேங்குதுங்க. நீங்க எழுதிக் குடுங்களேன்."

எழுதுகிறேன். ஆனால் ஒழுங்காக வருமா தெரியவில்லை. என் நினைவு சாலை மாதிரி நேராகப் போவதில்லை, கடற்கரை மாதிரி வளைந்து வளைந்து போகிறது.

பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், விழுந்தோம், பூட்ஸ் கடித்த இடத்தில் காய்ப்பு ஏறியது. அங்கே கற்றதில் ஒன்றுதான் என்னுடன் கடைசிவரை வந்தது. பந்தோபஸ்து வகுப்பில் எங்களைச் சாலைக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார்கள். வருகிறவர் உனக்குப் பின்னால் போவார், நீ காக்க வேண்டியது உனக்கு முன்னால் நிற்கிற கூட்டத்திடமிருந்து, என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதே என்றார்கள். அந்த மூன்று சொற்றொடர்களின் மேல்தான் என் பணிக்காலம் முழுவதும் நின்றேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போன தலைவர்கள், அதிபர்கள், அவர்களின் மனைவிமார்கள் எத்தனையோ பேருக்குக் காவல் நின்றிருக்கிறேன். ஒருவரையும் பார்த்ததில்லை. அவர்களைப் பார்த்த முகங்களைத்தான் பார்த்திருக்கிறேன். கைலியை அவசரமாக இறக்கிவிட்டுக் கும்பிடுகிற கிழவர். இடுப்புக் குழந்தையின் கையைத் தூக்கித் தானே ஆட்டிக் காட்டுகிற பெண். எல்லா முகங்களும் ஒருசேர இடமிருந்து வலமாகத் திரும்பும், காற்றில் சவுக்குத் தோப்பு சாய்வதுபோல. முகங்கள் திரும்பும் வேகத்தை வைத்தே வண்டியின் வேகத்தைச் சொல்லிவிடுவேன். பிறகு அந்த முகங்களில் ஒரு வெறுமை வரும். 'அவ்வளவுதானா?' என்கிற வெறுமை. அப்போது எனக்குத் தெரியும், வந்தவர் போய்விட்டார்.

நான் உதவி ஆய்வாளராக மாமல்லபுரத்தில் இருந்தபோது பொன்னையா ஐயா எங்களுக்கு டி.எஸ்.பி.யாக வந்தார். தெற்கத்திக்காரர். மெல்லிய குரல். எவ்வளவு மெல்லியது என்றால், அவரிடம் சண்டைக்கு வருகிறவர்கள் குனிந்து காது கொடுக்க வேண்டியிருக்கும். குனிந்த பிறகு சண்டை போடுவது கஷ்டம். 'கும்பல்' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. 'ஆட்கள்' என்பார். மனு கொண்டு வருகிறவர்கள் முன் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

விருந்தாளி வரும் வழியை அவர் தலைகீழாக நடப்பார். முடியும் இடத்திலிருந்து தொடங்கும் இடத்துக்கு. நாங்கள் பின்னாலேயே போவோம். திடீரென்று நடுச்சாலையில் குந்திவிடுவார். கார் இருக்கையில் உட்கார்ந்தவரின் கண் அந்த உயரத்தில்தான் இருக்குமாம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வளைந்து போவார்கள். அவர் பாட்டுக்கு அங்கே குந்தியபடி, கொக்கு மாதிரி கழுத்தைத் திருப்பி, எதெது தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

எதிர்ப்புக் காட்ட வருகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் அறிவிப்பார்கள். நாங்கள் காலையிலேயே வேன் கொண்டு போவோம். அவர்களும் குளித்து, சலவைச் சட்டை போட்டு, தயாராக நிற்பார்கள். கோஷம் போட்டபடி ஏறுவார்கள். கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைப்போம். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க அவர்களுக்குள் தள்ளுமுள்ளு நடக்கும். மத்தியானம் சாம்பார் சாதமா தக்காளி சாதமா என்று விசாரிப்பார்கள். வெயில் தாழ்ந்ததும் விட்டுவிடுவோம். இவர்கள் எதிர்த்தது விருந்தாளிக்குத் தெரியாது. விருந்தாளி வந்ததும் போனதும் இவர்களுக்குத் தெரியாது.

அப்படி ஒரு மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு ஐயா கேட்டார்: "ஏம்மா, எல்லாம் சரி. எதிர்ப்பு எங்கம்மா போச்சு?"

"சாப்பிட்டுட்டுத் தூங்குதுங்கய்யா" என்றேன்.

தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "கண் எட்டணும். குரல் எட்டணும். கல் எட்டக் கூடாது. இந்த மூணுக்கும் நடுவுல ஒரு இடம் எப்பவும் இருக்கும்மா. அதைத் தேடிக் குடுக்கத்தான் நமக்குச் சம்பளம். மண்டபம் தேட இல்ல."

அந்த வருடம்தான் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு ராஜா வந்தார். நாட்டின் பெயர் வேண்டாம். நம் கரையோரத்து ஆண்கள் கூலிக்கு வலை போடப் போகும் நாடுகளில் ஒன்று. அவர் முடிசூடிய வெள்ளிவிழா. தன் ஊரில் கொண்டாடி முடித்து, நட்பு நாடுகளிலும் கொண்டாட வந்திருந்தார். மாமல்லபுரத்தில் அவருக்கு ஒரு மாலை விழா. விளக்குகள், நாட்டியம், இங்கே செதுக்கிய ஒரு கல் குதிரை அவருக்குப் பரிசு.

சாலை ஒரு வாரத்தில் வேறு சாலையாக மாறிற்று. சுவர்களுக்குச் சுண்ணாம்பு. நாய்கள் எங்கோ போயின. சாலையோரம் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டைப் பெண்கள் திட்டிக்கொண்டே அள்ளினார்கள். வேகத்தடைகளை நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார்கள், ராஜாவின் இடுப்பு குலுங்கக் கூடாது என்று. ஊரே தூக்கத்தில் முகம் கழுவிவிடப்பட்ட குழந்தை மாதிரி திருதிருவென்று விழித்தது.

அப்போதுதான் கோவளத்திலிருந்து ஒரு பன்னிரண்டு பதினைந்து பெண்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் அமலி. முப்பது வயது இருக்கும். மீன் விற்கிறவள். கூடையைக்கூட வாசலில் இறக்கி வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஐயா, என் வூட்டுக்காரு லூர்து அந்த ராசா ஊரு ஜெயில்ல கீறாரு. அதுக்குப் பக்கத்து நாட்டுல கூலிக்கு மீன் புடிக்கப் போனாரு. இன்ஜின் நின்னுபோயி படகு எல்லை தாண்டிப் பூட்ச்சாம். படகு மொதலாளி எட்டிக்கூட பாக்கல. இதுங்க புருசன், புள்ளைங்களும் அங்கதான் கீறாங்க."

"சரிம்மா. இங்க என்ன செய்யணும்?"

"விழா முடிஞ்சு ராசா ஊருக்குத் திரும்புனா ஜெயில்ல கீறவங்கள வுடுவாராம். அங்க அது பழக்கமாம். எங்காளுங்க பேரும் அதுல வரணும். அவரு போற வழில நிக்கணும் நாங்க."

"மனு குடுத்தீங்களா?"

"குடுக்காத எடம் இல்ல. மனு போற எடத்துக்கெல்லாம் நாங்க போவ முடியல. இப்ப அவரே எங்க வூட்டு வழியா வராரு. வுடுவமா?"

நான் பழக்க தோஷத்தில், "மண்டபம் பாத்து வெச்சிருக்கோம்மா, ஃபேன் எல்லாம் நல்லா ஓடும்" என்றேன்.

அமலி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சோறும் ஃபேனும் எங்க வூட்லயே கீது மேடம். அந்த ஆளு கண்ணுல நாங்க படணும். அத்த குடு."

ஐயா தொப்பியைக் கழற்றி மேஜை மேல் கவிழ்த்தார். கொடி கூடாது, அட்டை கூடாது, கருப்புத் துணி கூடாது என்று மேலிடத்து உத்தரவு இருந்தது. அதைச் சொன்னார்.

"துண்டு?" என்றாள் அமலி.

"என்ன துண்டு?"

"அலை பெருசா கீறப்ப படகு உள்ள வராம வெளியவே நிக்கும். கரைல நிக்கிறவங்க அலை அடங்குற நேரம் பாத்து துண்டை வீசுவோம். 'இப்ப வா'ன்னு அர்த்தம். பேர சொல்லிக் கூப்டுவோம். அவ்ளோதான் செய்யப் போறோம். ராசாவ ஒழிகன்னு சொல்ல மாட்டோம். எங்காளுங்கள வூட்டுக்குக் கூப்டப் போறோம்."

ஐயா கேட்டார்: "கம்புல கட்டுவீங்களா?"

"கையிலதான்."

"அப்ப அது துண்டுதான். அனுமதியில அப்படியே எழுதும்மா" என்றார் என்னிடம்.

மறுநாள் இடம் பார்க்கப் போனோம். கோவளத்துக்குச் சற்றுத் தெற்கே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில், பழுது பார்க்க ஏற்றிவைத்த ஃபைபர் படகுகள் கவிழ்ந்து கிடக்கும் மணல்வெளி. எதிர்ப்புறம் ஒரு பள்ளிக்கூடம், ஒரு டீக்கடை. காற்றில் உப்பும் டீசலும். சவுக்குத் தோப்புக்குள் வெயில் சில்லறையாகக் கொட்டிக் கிடந்தது.

"உங்கள்ல நல்லா எறியறவங்க யாரு?" என்றார் ஐயா. "ஒரு கல்லை முழு பலத்தோட எறிஞ்சு காட்டுங்க. அது எவ்வளவு தூரம் போகுதோ, ரோட்டுலேர்ந்து அதுக்கு மேல ரெண்டடி தள்ளிக் கயிறு கட்டுவோம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லித்தர வேண்டுமா என்ன? கல் கிட்டே விழுந்தால் கயிறும் சாலைக்குக் கிட்டே வரும். அமலி முதலில் எறிந்தாள். இறாலைக் கூடையில் வைப்பதுபோல் பதமாக எறிந்தாள். கல் அவள் காலடியைத் தாண்டி ஒரு முழம் போனது. அடுத்தவள் "கை சுளுக்கிக்கிச்சு" என்றாள். அதற்கடுத்தவளின் கல் பின்னால் விழுந்தது. கலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயா முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு கல் விழுந்த இடத்தையும் பூஜை போலக் குனிந்து பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அமலியின் மாமியார் சந்தையிலிருந்து காலிக் கூடையோடு வந்துசேர்ந்தாள். "இன்னாடி இங்க கும்மாளம்?" என்றாள்.

"எறியத் தெரியுமா பெரியம்மா உங்களுக்கு?" என்று ஐயா கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

யாரும் அவளுக்குக் கண் காட்டுவதற்குள் கூடையை இறக்கிவிட்டாள். வெற்றிலையைத் துப்பினாள். கருவாட்டுக்குக் காக்கை விரட்டியே பழகிய கை. கல் எங்கள் தலைக்கு மேல் ரீங்காரமாய்ப் போனது. சாலையைத் தாண்டி, டீக்கடையின் தகரக் கூரையில் 'டங்' என்று இறங்கியது.

"எவன்டா அவன்?" என்று டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார்.

"எத்தே! கெடுத்தியே குடிய!" என்று அமலி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, எறியச் சொன்னாரு, எறிஞ்சேன். உனுக்கு எறியத் தெரியலன்னா என்னிய இன்னாத்துக்குத் திட்ற?"

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சிரிப்பு அடங்கியதும் கடல் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஐயா சொன்னார்: "நான் கண்ணால பார்த்துட்டேன். இனி பார்க்கலைன்னு சொல்ல முடியாது தாயி."

கயிறு பின்னால் போனது. பின்னால், இன்னும் பின்னால், மணல் சரிந்து பள்ளமாகும் இடத்துக்கு. அங்கே நின்றால் தலை உச்சிகூடச் சாலைக்குத் தெரியாது. கல் எட்டாது என்பது உறுதி. கண்ணும் எட்டாது. அமலி அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்று சாலைப் பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் விளையாட்டெல்லாம் வடிந்துபோயிருந்தது. லூர்துக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த கடலின் அகலத்தை அந்த நிமிடம் நான் பார்த்தேன். இங்கிருந்து அந்தச் சாலைவரை இருந்த மணல்தான் அது.

பிறகு அவள் நடந்தாள். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த படகின் மேல் ஒரு காலை ஊன்றி ஏறினாள். நின்றாள்.

ஐயா நேராகச் சாலைக்குப் போனார். நடுவில் குந்தினார். ஒரு பேருந்து அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் நடத்துனர் எங்கள் துறையையே சேர்த்துத் திட்டினார். புழுதி அடங்கியதும் அந்த மெல்லிய குரல், நான் கேட்டதிலேயே உரக்கக் கேட்டது.

"முகம் தெரியுதும்மா!"

நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் அன்று மத்தியானம் அந்தப் பக்கம் வந்தார்கள். பள்ளிக்கூடத்தின் முன்னால் இருந்த வேகத்தடை ஒன்றுதான் பாக்கி. கடப்பாரையை ஓங்கியபோது ஐயா கையைக் காட்டினார். "இது இருக்கட்டும். பசங்க தாண்டற இடம்" என்றார். நான் பசங்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.

விழா நாள். காலையிலேயே பெண்கள் வந்துவிட்டார்கள். மீன் நறுக்கும் கத்தி, துடுப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஓரமாக வாங்கி வைத்தோம். கடைசியில் செருப்பு. செருப்பும் பறக்கும் என்பது எங்கள் துறையின் அனுபவம்.

"மணல் கொதிக்குது, செருப்பக் கழட்டச் சொல்றியே, நீ பொம்பளதானா?" என்று அமலியின் மாமியார் கலாவிடம் சண்டைக்குப் போனாள்.

"படகு மேலதானே ஆயா நிக்கப் போற, மணல் எங்க சுடும்?" என்றாள் கலா. செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக் காவல் நின்றாள்.

மூன்று படகுகள் மேல் பெண்கள். படகுகளுக்கு முன்னால் கயிறு. கயிற்றுக்கு முன்னால் நாங்கள், சாலைக்கு முதுகு காட்டி. பிறகு காத்திருப்பு. பந்தோபஸ்து என்பது பெரும்பாலும் காத்திருப்புதான். வெயில் ஏறும்போது முகங்கள் மங்கும். ஒரு கட்டத்தில் நீ காவல் நிற்கிறாயா, தூக்கத்தில் யாரோ உன்னை நிற்க வைத்திருக்கிறார்களா என்று தெரியாமல் போகும். படகுகளுக்குப் பின்னால் கடல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைத் துண்டு, காவித் துண்டு, பூப்போட்ட குளியல் துண்டு. காற்று அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. நீல வானத்தில் அந்தப் பெண்கள் படகோடு சேர்ந்து மிதப்பதுபோலவும், நாங்கள்தான் கரையில் கட்டப்பட்டவர்கள்போலவும் இருந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. தலைநகரிலிருந்து வந்திருந்த பாதுகாப்பு அதிகாரியின் குரல். முன்னோட்டம் பார்க்கப் போன வண்டியிலிருந்து அவர் படகுகளைப் பார்த்துவிட்டார்.

"கோவளம் தெற்கு. படகு மேல யார் அது? உடனே வேன்ல ஏத்துங்க."

வேன் தோப்புக்குள் தயாராகத்தான் நின்றது. மண்டபமும் இருந்தது. அமலிக்கு எல்லாம் கேட்டுவிட்டது. துண்டைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.  ஏற்றினால் என் வேலை பிழைக்கும். அவளுக்கோ இன்னொரு ராஜா, இன்னொரு வெள்ளிவிழா, இந்த வழியாக வரப்போவதில்லை.

ஐயா என் கையிலிருந்து கருவியை வாங்கினார். அதே மெல்லிய குரல். "பொன்னையா பேசறேன் சார். அனுமதி வாங்கித்தான் நிக்கிறாங்க. கொடி இல்ல, அட்டை இல்ல, கல் எட்டாத தூரம். செருப்புகூட எங்க கையில இருக்கு. எந்தச் சட்டப் பிரிவுல ஏத்தணும்னு எழுத்துல குடுத்தீங்கன்னா இப்பவே ஏத்திடறேன்."

கரகரப்பு மட்டும். பிறகு: "ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

"ஆமாங்க சார்."

கருவியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். படகுப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தாயி, என் சொல்லை நான் காப்பாத்திட்டேன். மிச்சம் உங்ககிட்ட இருக்கு."

"ஒரு கூழாங்கல்லு பறக்காதுய்யா" என்றாள் அமலி. மாமியார் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா?" என்றாள்.

சைரன் முதலில் காதில் கேட்கவில்லை, முகங்களில்தான் தெரிந்தது. எல்லாக் கண்களும் என் தோளுக்கு மேலாக வடக்கே போயின. பிறகு சத்தம். முன்வண்டிகள் சீறிக்கொண்டு போவதை என் முதுகுச் சட்டை உணர்ந்தது. முகங்கள் திரும்பத் தொடங்கின, இடமிருந்து வலமாக.

துண்டுகள் எழுந்தன. கோஷம் இல்லை. ஒவ்வொருத்தியும் ஒரு பெயரைக் கூப்பிட்டாள். அலைக்கு மேலே போகிற மாதிரி, கடைசி எழுத்தை நீட்டி. "லூர்தூ... ஓ..." பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, என் தலைக்கு மேல் பறந்து, பின்னால் போய் விழுந்தன. கல் எட்டாத இடத்துக்கு அவை எட்டின.

முகங்கள் பாதி திரும்பி நின்றன.

அப்படி நான் என்றுமே பார்த்ததில்லை. காற்றில் சாயும் தோப்பு பாதியில் நின்றால் எப்படி இருக்கும்? அப்படி நின்றது. வண்டி மெதுவாகிவிட்டது. எனக்குப் பின்னால், மிகக் கிட்டே என்பதுபோல, ஒரு கனத்த இன்ஜின் உறுமலைக் குறைத்துக்கொண்டது. அமலியின் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. அழவில்லை, சிரிக்கவில்லை. கை மட்டும் வீசிக்கொண்டே இருந்தது. உடம்பில் வேறெதுவும் அசையவில்லை. அவள் கண்ணுக்குள் ஏதோ ஒன்று சின்னதாய் மினுங்கியது. என்ன அது? கண்ணாடி இறங்கியதா? ஒரு கை தெரிந்ததா? என் கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் திரும்பு திரும்பு என்றது. நான் திரும்பவில்லை.

பிறகு உறுமல் கூடியது. முகங்கள் மீதித் திருப்பத்தை முடித்தன. தெற்கே சைரன் கரைந்தது.

அந்த வேகத்தடைக்காக ஐயாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'பள்ளி மாணவர் பாதுகாப்பு' என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அவரைக் கடல் இல்லாத ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். போகும்போது எல்லோரிடமும் அதே மெல்லிய குரலில் விடைபெற்றார். எனக்கும் மாற்றல் வந்தது. ராஜா ஊர் திரும்பிக் கைதிகளை விடுவித்ததாகச் செய்தித்தாளில் சிறிய செய்தி வந்தது. பெயர்கள் இல்லை. அந்தப் பாதியில் நின்ற முகங்கள் பல வருடம் என் கனவில் வந்தன. கனவில் நான் திரும்புவேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடி இறங்கியிருக்கும். உள்ளே ஒவ்வொரு முறையும் வேறு ஆள்.

குதிகால் தேய்ந்து, விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்த பிறகு, என் கடைசிப் பந்தோபஸ்து கோவளத்து மாதா கோயில் திருவிழாவுக்குப் போட்டார்கள். வேலை முடிந்து மீன்கடைப் பக்கம் நடந்தேன். அமலி இருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, "அட, படகு மேடம்!" என்றாள்.

கேட்கப் பயமாக இருந்தது. "லூர்து...?"

"அந்தா கீறாரே, தெரியல?"

பின்னால் ஒரு ஒல்லியான மனிதர் வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து தலையசைத்தார். நான் எதையோ கேட்க வாயெடுப்பதைப் பார்த்து அவரே சொன்னார்: "பேரக் கூப்ட்டாங்க, வந்தேன். ராசா சொல்லித்தான் வுட்டாங்களா, எடம் பத்தலன்னு வுட்டாங்களா, யாருக்குத் தெரியும்?"

"அத்த இன்னாத்துக்கு நோண்டிகினு? வந்தாச்சில்ல" என்றாள் அமலி.

"அமலி, அன்னைக்கு எனக்குப் பின்னாடி என்ன நடந்துச்சு? கண்ணாடி இறங்குச்சா?"

"நீ பாக்கலியா?"

"நாங்க திரும்பக் கூடாது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கண்ணாடியும் எறங்கல, ஒண்ணும் எறங்கல. வண்டி ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஏறி எறங்கிச்சு. கருப்புக் கண்ணாடி. அதுல நாங்கதான் தெரிஞ்சோம். படகு மேல நின்னுகினு, துண்டை வீசிகினு, பொம்ம மாதிரி, சின்னதா. உள்ள அந்த ஆளு பாத்தாரோ, தூங்கிகினு போனாரோ."

அவ்வளவுதான். இத்தனை வருடக் கனவு. ஆனால் எனக்கு ஏமாற்றமாக இல்லை. நான் சொன்னேன்: "நான் உன் முகத்தைப் பாத்தேன். பயமே இல்ல அதுல. சிலை மாதிரி நின்ன. துளி அசையல."

அமலி என்னையே பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் திரும்பினார்கள். "ஐயோ மேடம்! காத்தாலேர்ந்து படகு மேல ஏத்தி வெச்சீங்க. ஒண்ணுக்குப் போவ ஒரு எடம் கெடையாது. அசைஞ்சா என் மானம் போயிருக்கும்!"

"நானும்தான் அமலி" என்றேன். உண்மை. எங்களுக்கும் அன்று ஒரு மறைவிடம் இருக்கவில்லை. என்றுமே இருந்ததில்லை. காக்கிச் சட்டையில் நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

"நீயுமா!" என்றாள். சிரிப்பு ஓய்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க ஐயா நல்ல மனுசன். கண்ணுக்குப் பாத்தாரு, கொரலுக்குப் பாத்தாரு, கல்லுக்குப் பாத்தாரு. இத்த மட்டும் பாக்கலியே. அடுத்த வாட்டி எவனாச்சும் வந்தா மொதல்ல இதுக்கு ஒரு எடம் பாரு. அப்பறம் நாள் பூரா நிக்கிறோம், இன்னா வந்தாலும் நிக்கிறோம்."

"அடுத்த வாட்டி நான் இருக்க மாட்டேன். வேலைய விட்டுட்டேன். இன்னையோட சரி."

அமலி மீனைத் தண்ணீரில் அலசி எடுத்தாள். என் சட்டையின் நட்சத்திரங்களை ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப வர்றவகிட்ட சொல்லிட்டுப் போ" என்றாள்.